பூட்டை எடைக்குப் போடாதீர்கள்!



அரிசி, பருப்பு, மிளகாய், வரி, தராசு முத்திரை என்று நம் அன்றாடத் தொழிலைப் பற்றித்தான் இவ்விதழில் அதிகம் படிக்கிறோம். இம்முறை பூட்டைப் பற்றி எழுத முன்வந்துள்ளோம். பலசரக்கு விற்கிறவனுக்குப் பூட்டைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் கேட்கலாம். காலையில் நாம் முதலில் தொடுவது பூட்டு; இரவில் கடைசியாக இழுத்துப் பார்ப்பதும் பூட்டு. ஆகவே பூட்டைப் பற்றிப் பேச வணிகனுக்கு உரிமை உண்டு.

எங்கள் தேவிபட்டினத்திலும் சுற்றுவட்டாரத்திலும் முன்பெல்லாம் கடைகளுக்குப் பலகைக் கதவுதான். பலகைகளை வரிசையாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, நடுவில் ஒரு பெரிய பூட்டைத் தொங்க விடுவார்கள். கிட்டங்கிக்கு ஒரு பூட்டு, இரும்புப் பெட்டிக்கு ஒரு பூட்டு, கல்லாப்பெட்டிக்கு ஒரு பூட்டு என்று தனித்தனியாக இருக்கும். பிறகு ஷட்டர் வந்தது. பலகைகள் விறகாயின. பூட்டுகள் பரணுக்குப் போயின. இப்போது பரணைச் சுத்தம் செய்கிற பிள்ளைகள் அவற்றைச் சாக்கில் கட்டிக் காயலான் கடைக்கு அனுப்பி விடுகிறார்கள். இரும்பு என்றால் இரும்பு விலை, பித்தளை என்றால் பித்தளை விலை. தராசில் ஏறி இறங்கியதோடு கதை முடிந்தது.

இப்படி எடைக்குப் போவதில் எல்லாப் பூட்டும் சாதாரணப் பூட்டு அல்ல. சில பூட்டுகள் ஒரு தச்சனோ கொல்லனோ பல நாள் யோசித்துச் செய்த புதிர்கள். அதை அறியாமல் எடைக்குப் போடுவது, குங்குமப்பூவை மஞ்சள் விலைக்கு அளந்து கொடுப்பதற்குச் சமம் என்பதே நாம் சொல்ல வந்தது.

சூட்சுமப் பூட்டு என்பது என்ன?

சாதாரணப் பூட்டின் உள்ளே லீவர் எனப்படும் தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு வில் அழுத்திக் கொண்டிருக்கும். சாவியில் வெட்டியிருக்கும் படிகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஒரு தகடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. ஏழு லீவர், எட்டு லீவர் என்று நாம் கேட்டு வாங்குவது இந்தத் தகடுகளின் எண்ணிக்கையைத்தான்.

சூட்சுமப் பூட்டு இதற்கும் ஒரு படி மேலே போகிறது. கையில் சரியான சாவி இருந்தாலும் முறை தெரியாதவனால் அதைத் திறக்க முடியாது. சிலவற்றில் சாவித் துவாரமே கண்ணுக்குத் தெரியாது. ஒரு குமிழை அழுத்தி ஒரு தகட்டை ஒதுக்கினால்தான் துவாரம் வெளிப்படும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று சாவிகள். வரிசை மாறிப் போட்டால் பயனில்லை. சிலவற்றில் சாவியை நாம் நினைக்கிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினால் போதாது. திருகாணி போல மறை வெட்டிய சாவியைப் பல சுற்றுத் திருகி உள்ளே செலுத்த வேண்டும். சிலவற்றில் சாவி திரும்பும்போதெல்லாம் உள்ளே மணி அடிக்கும். பக்கத்து அறையில் படுத்திருக்கும் முதலாளிக்குக் கேட்கும். கள்ளச்சாவி போட்டால் அந்தச் சாவியையே பிடித்து வைத்துக் கொள்ளும் பூட்டும் உண்டு.

இவை பெரும்பாலும் நம்மைப் போன்ற வணிகர்களின் பணப்பெட்டிக்காகவே செய்யப்பட்டவை. பழைய மரக் கல்லாப்பெட்டிகளில் கள்ள அறை வைத்துச் செய்ததும் இதே நோக்கத்தில்தான். மேல் தட்டை எடுத்து, ஒரு பலகையை நகர்த்தினால் உள்ளே இன்னொரு அறை இருக்கும். வேலைக்காரனுக்கோ திருடனுக்கோ பெட்டி காலியாகத் தோன்றும். முதலாளிக்கு மட்டும் பணம் இருக்குமிடம் தெரியும்.

இந்தச் சிந்தனை நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. இங்கிலாந்தில் ஜெரமையா சப் என்பவர் 1818-ல் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தவறான சாவியை யாராவது போட்டுப் பார்த்தால் அந்தப் பூட்டு சிக்கிக் கொண்டு, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதை உரியவருக்குக் காட்டிக் கொடுக்கும். இலண்டனில் பிராமா என்ற பூட்டு வியாபாரி 1790-ல் தம் கடை முகப்பில் ஒரு பூட்டை வைத்து, சாவியில்லாமல் இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பாடுபட்டு அதைத் திறந்தார். அதுவரை அறுபது ஆண்டுகள் அந்த ஒரு பூட்டே அந்தக் கடைக்கு விளம்பரமாக இருந்தது. நாளிதழில் விளம்பரம் கொடுத்துச் செலவழிக்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

உலகம் இதற்கு என்ன மதிப்புத் தருகிறது?

கையால் திருகி, நகர்த்தி, கழற்றி, கோத்து விடை காண வேண்டிய பொருட்களைச் சேகரிப்பதற்கென்றே உலகெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. நம் ஃபேன்சி ஸ்டோர்களில் தொங்கும் ரூபிக் கனசதுரம் இந்த வகையைச் சேர்ந்தது. ஹங்கேரி நாட்டில் எர்னோ ரூபிக் என்ற கட்டிடக்கலை ஆசிரியர் 1974-ல் அதைச் செய்தார். 1980 முதல் உலகச் சந்தைக்கு வந்தது. திருவிழாக் கடைகளில் வளைந்த இரண்டு கம்பிகளைக் கோத்து, பிரித்துக் காட்டு பார்க்கலாம் என்று விற்பதும் இந்த வகைதான். சூட்சுமப் பூட்டும் கள்ள அறைப் பெட்டியும் இதில் தனிப் பிரிவுகள். இந்தியப் பித்தளைப் பூட்டுகளையும் இரும்புப் பூட்டுகளையும் இவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் ஜெரி ஸ்லோக்கம் என்ற சேகரிப்பாளர் 1978-ல் தம் வீட்டுக்கு நண்பர்கள் சிலரை அழைத்துத் தொடங்கிய சந்திப்பு, பிறகு உலகப் புதிர்ச் சேகரிப்பாளர்களின் கூட்டமாக வளர்ந்து நாடு மாறி நாடு நடக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பங்கு கொள்பவர் ஒரே மாதிரியான புதிர்ப் பொருட்களைப் பல எண்ணிக்கையில் செய்து கொண்டு வந்து, ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கிக் கொள்வார். அதாவது நம் முன்னோர் நெல்லுக்கு உப்பு மாற்றியது போன்ற பண்டமாற்று! அதே ஸ்லோக்கம் 2006-ல் தம் சேகரிப்பை இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குக் கொடுத்தார். 30,000-க்கும் மேற்பட்ட புதிர்ப் பொருட்கள். ஒரு பல்கலைக்கழகம் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து வைக்கிற பொருளை நாம் காயலான் கடைத் தராசில் வைக்கிறோம்.

ஜப்பானில் ஹகோனே என்ற ஊர் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுக்கு வருகிற பயணிகளால் வாழ்கிற ஊர். அங்குள்ள மரவேலைக்காரர்கள் வழிப்பயணிகளுக்கு விற்பதற்காகச் சூட்சுமப் பெட்டிகளைச் செய்தார்கள். பக்கத்துப் பலகைகளைக் குறிப்பிட்ட வரிசையில் சிறிது சிறிதாக நகர்த்தினால்தான் மூடி திறக்கும். அந்தப் பெட்டியைத் திறக்க எத்தனை அசைவு வேண்டும் என்பதைச் சொல்லியே விற்கிறார்கள். நாலு அசைவுப் பெட்டிக்கு ஒரு விலை. பத்து அசைவுப் பெட்டிக்கு அதற்கு மேல். மரத்தை நிறுத்து யாரும் விலை கேட்பதில்லை.

எங்கள் ஊருக்கும் ஆண்டு முழுவதும் வெளியூர் மக்கள் வருகிறார்கள். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை வணங்கவும், முன்னோருக்குத் திதி கொடுக்கவும் வந்து, இராமேசுவரத்துக்கும் போகிறார்கள். அவர்கள் கையில் வாங்கிப் போக நாம் வைத்திருப்பது என்ன? எங்கோ அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சாமான்கள். ஹகோனேக்காரர்கள் செய்ததை நாமும் செய்யலாம். அதற்கான சரக்கு நம் மாநிலத்திலேயே, மதுரையைத் தாண்டினால் திண்டுக்கல்லில் இருக்கிறது.

திண்டுக்கல் பூட்டின் நிலை

திண்டுக்கல் பூட்டு என்றால் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டு முற்றத்திலேயே பட்டறை வைத்து, அரம் கொண்டு அராவி, ஒவ்வொரு பூட்டாகக் கையால் செய்தார்கள். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, மணிப் பூட்டு என்று ஐம்பது வகைக்கு மேல் உண்டு. சாவியையும் அந்தப் பூட்டுக்கென்றே கையால் வெட்டுவதால், ஒன்றின் சாவி மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பது அவர்களின் பெருமை. பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து, 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்ததே, அதே குறியீடுதான்.

குறியீடு கிடைத்தது, ஆனால் பட்டறைகள் குறைந்து கொண்டே வருகின்றன. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு குறைந்த விலைக்கு வந்து குவிகிறது. கையால் செய்கிறவர் ஒரு நாளில் செய்வதை இயந்திரம் சில நிமிடங்களில் தள்ளி விடுகிறது. கூலி கட்டுப்படியாகாததால் அப்பன் செய்த வேலைக்கு மகன் வரவில்லை. இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மொத்த வியாபாரிகளாகிய நாம்தான் பூட்டுக்கு விலை பேசும்போது அலிகார் விலையை எடுத்துக் காட்டித் திண்டுக்கல்காரரை இறக்கச் சொல்கிறோம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடை ஷட்டருக்கு இன்று எந்தப் பூட்டு வாங்குவது என்று கேட்டால், நல்ல தரமான புதிய பூட்டை வாங்குங்கள் என்றுதான் சொல்வோம். சூட்சுமம் என்பது பிறருக்குத் தெரியாத வரையில்தான் காவல். ஊருக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பூட்டு காவலுக்கு ஆகாது. ஆனால் சேகரிப்பவர் காவலுக்காக வாங்கவில்லை, அறிவுக்காக வாங்குகிறார். ஆகவே சூட்சுமப் பூட்டை அலிகார் பூட்டோடு ஒரே தட்டில் வைத்து விலை பேசுவதே தவறு. அது வேறு சரக்கு. அதற்கு வாடிக்கையாளரும் வேறு. இயந்திரம் ஆயிரம் பூட்டை ஒரே மாதிரி செய்யும். ஒன்றின் சூட்சுமம் தெரிந்தால் ஆயிரமும் தெரிந்துவிடும். கைவேலைக்காரரால்தான் ஒவ்வொன்றையும் மாற்றிச் செய்ய முடியும். அவருக்குப் பிழைக்க வழி இருப்பது இந்த இடத்தில்தான். அந்த வழியைத் திறந்து விட வேண்டியவர்கள் வாங்கி விற்கும் நாம்.

நாணயமும் சட்டமும்

விலை இருக்கிறது என்று தெரிந்தவுடன் கள்ளமும் கூடவே வரும். புதுப் பூட்டை அமிலத்தில் நனைத்து, ஈர மண்ணில் புதைத்து எடுத்து, நூறு வருஷத்துப் பூட்டு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டுப் பழம்பொருட்கள் விற்கும் கடைகளுக்குப் போகிறவர்கள் அங்கே எது பழையது, எது பழையதாக ஆக்கப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. மிளகில் பப்பாளி விதை கலப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. புதியதைப் புதியது என்றே சொல்லுங்கள். 'புதிய பூட்டு, கைவேலை' என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். நல்ல புதுப் பூட்டுக்கும் நல்ல விலை உண்டு. பொய் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தையும் அன்பர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கைவேலைப் பொருட்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழையது போலத் தோன்றும் பொருளை ஏற்றுமதி செய்பவர்கள், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று பெறுவது வழக்கம். ஆகவே வெளிநாட்டவர் ஒருவர் கடைக்கு வந்து தாத்தா காலத்துப் பூட்டுக்குக் கைநிறையப் பணம் தருகிறேன் என்றால், அவசரப்பட்டுக் கொடுத்து விடாதீர்கள். வயது தெரியாத பூட்டை விசாரித்த பிறகே விற்க வேண்டும்.

அதுபோல அலிகார் பூட்டில் திண்டுக்கல் என்று பெயர் பொறித்து விற்பதும் குற்றம். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பொய்யான குறியீட்டோடு விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முண்டு மிளகாய் வியாபாரம் செய்கிற அன்பர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான புதிர்ப் பொம்மைகள் விற்பவர்களுக்கு இன்னொன்று: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. சரக்கு எடுக்கும்போதே இதைப் பார்த்து எடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பரணையும் கிட்டங்கியையும் பிள்ளைகள் கையில் விட்டு விடாமல் நாமே ஒரு முறை பார்க்க வேண்டும். பூட்டு கிடைத்தால் அதன் சாவியைத் தேடிச் சேர்த்துக் கட்டி வையுங்கள். சாவி இல்லாத சூட்சுமப் பூட்டு, படிக்கல் இல்லாத தராசு மாதிரி. துரு ஏறியிருந்தால் அமிலமோ உப்புத்தாளோ போடாதீர்கள். பித்தளையைப் புளி போட்டுப் பளபளப்பாக்கவும் வேண்டாம். பழைய நிறம் போனால் பழைய விலையும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, உப்புக்காற்றுப் படாத இடத்தில் வைத்தால் போதும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தூசியைச் சேர்த்துப் பிசினாக்கி விடும். பென்சில் கரியைத் தூளாக்கி விடுவது நல்லது.

இரண்டாவதாக, திறக்கும் முறையை எழுதி வையுங்கள். இது எல்லாவற்றிலும் முக்கியம். நம் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பெரியவர் கண்ணை மூடிய பிறகு, சாவி கையில் இருந்தும் பெட்டியைத் திறக்க வழி தெரியாமல், கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டை அறுத்தே எடுத்திருக்கிறார்கள். அறுத்த பூட்டு எடைக்குத்தான் போகும். எந்தக் குமிழ், எந்தச் சாவி முதலில், எத்தனை சுற்று என்பதை நாலு வரியில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்தால் உங்கள் பேரன் அந்தப் பூட்டைத் திறப்பான். கடன் கொடுத்த பாக்கியைப் பேரேட்டில் எழுதுகிற நாம் இதையும் எழுதலாமே!

மூன்றாவதாக, கடைக்கு ஒன்று என்று திண்டுக்கல் கைவேலைச் சூட்சுமப் பூட்டை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்குவோம். இருக்கும் கைவேலைக்காரர்களுக்கு வேலை தெரியும், ஆர்டர்தான் இல்லை. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் பட்டறையை நடத்தத் தெம்பு வரும். விலையைக் கசக்கிப் பிழியாமல், முன்பணம் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். வாங்கிய பூட்டை பிராமா செய்தது போலக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்க விடுங்கள். சாவியையும் கொடுத்து, திறந்து காட்டினால் ஒரு கிலோ சர்க்கரை இனாம் என்று எழுதிப் போடுங்கள். சாமான் கட்டும் வரை வாடிக்கையாளர் திருகிக் கொண்டிருப்பார். பிள்ளைகள் அடுத்த முறையும் நம் கடைக்கே வரச் சொல்லி அடம் பிடிப்பார்கள். நாலு பேர் விலை கேட்பார்கள். வியாபாரம் அப்படித்தான் தொடங்கும்.

நான்காவதாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவின்போது, உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலும் கடையிலும் உள்ள பழைய பூட்டுகளையும் கள்ள அறைக் கல்லாப்பெட்டிகளையும் கொண்டு வந்து காட்ட ஒரு மேசை போட வேண்டும். விற்பனைக்கு அல்ல, பார்வைக்கு மட்டும். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்தாலே பெரிய காரியம். திண்டுக்கல் தொழிலாளர் இரண்டு மூன்று பேரை அழைத்துப் பார்க்கச் சொன்னால், மறந்து போன வகைகள் அவர்களுக்கும் நினைவுக்கு வரும். மாதிரி பார்த்து மறுபடியும் செய்வார்கள்.

இதெல்லாம் நடந்தால் நாளைக்கே பெரிய இலாபம் குவிந்து விடும் என்று நாம் சொல்லவில்லை. பூட்டு விற்றுப் பலசரக்குக் கடைக்காரர் மாடி வீடு கட்டப் போவதும் இல்லை. ஆனால் எந்தச் சரக்கானாலும் அதன் தரமறிந்து விலை சொல்பவன்தான் வணிகன். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த ஊர் நெல் என்று சொல்லக்கூடியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தக் கண் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பொருளையும் பார்க்க வேண்டும். காயலான் கடைக்குச் சாக்கைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள் என்று அன்பர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.